ஒரு பக்கத்துக்கு எட்டு லட்சம்

மொரீஷியஸில் டிசம்பர் என்றால் கோடை. ஐரோப்பாவில் குளிர் தாங்காதவர்கள் எல்லாரும் இங்கே வந்து இறங்குவார்கள், ஓட்டல்களில் ஒரு கட்டில் காலியாக இருக்காது. எபேன் சைபர் சிட்டியில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், அப்படிப்பட்ட ஓட்டல்கள் சிலவற்றுக்கு முன்பதிவு மென்பொருளைப் பராமரிக்கிறது. ரூபி ஆன் ரெயில்ஸில், அதாவது ரூபி என்ற நிரல் மொழியில் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பை வைத்து எழுதியது. அதில் 'காலண்டர்' என்று ஒரு பக்கம் உண்டு. இடப்பக்கம் 60 அறைகள், மேலே 90 நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அறை அன்று காலியா, விலை என்ன என்று காட்டும். ரிசப்ஷனில் இருப்பவர்கள் காலையில் திறந்தால் இரவுதான் மூடுவார்கள். அதை எழுதியவன் நான்.

2022 டிசம்பரில் அந்தப் பக்கம் சர்வரைப் படுக்கவைத்தது. காலையில் நன்றாக இருக்கும். மதியம் இரண்டு மணி வாக்கில் மெமரி நிரம்பி, லினக்ஸ் தானாகவே ஒரு பூமா வொர்க்கரை (பக்கங்களைத் தயாரித்துத் தரும் சர்வர் நிரலின் ஒரு பிரதியை) கொன்றுவிடும். அது மறுபடி எழுவதற்குள் ரிசப்ஷனிலிருந்து போன் வந்துவிடும். முதல் வாரம் மெமரியை இரட்டிப்பாக்கினோம். நான்கு நாள் நிம்மதி. அப்புறம் பழைய கதை. அடுத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வொர்க்கரை மறுதொடக்கம் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் போட்டோம். இந்த ஸ்கிரிப்டை எழுதும்போதே உள்ளூர ஒரு வெட்கம் இருந்தது, ஆனால் சீசன் ஓடவேண்டுமே.

"மெமரி லீக்", அதாவது வேலை முடிந்தும் விடுவிக்கப்படாமல் மெமரி கசிகிறது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு வாரம் இல்லாத கசிவைத் தேடி வீணடித்தேன். கசிவையும் வெறும் அதிகச் செலவையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கசிவாக இருந்தால் மெமரி வரைபடம் படிக்கட்டுபோல நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். எங்கள் வரைபடம் முதலில் சடாரென்று ஏறி, பிறகு மெதுவாகத் தட்டையாக முயன்றது. எங்கள் சர்வரில் அது தட்டையாகும் உயரம் கூரைக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். அதாவது ஆப்ஜெக்டுகள் (நிரல் ஓடும்போது மெமரியில் உருவாகும் தரவுத் துண்டுகள்) எங்கேயும் தங்கவில்லை. ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி உருவாகிக் குப்பையாகிக்கொண்டிருந்தன.

இங்கே ரூபி உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அப்போது நாங்கள் ரூபி 2.7இல் இருந்தோம். அதில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் 40 பைட் அளவில் ஓர் இடம். அப்படி 400 இடங்களுக்குச் சற்று மேல் சேர்ந்தது ஒரு 16 கேபி பக்கம் (இது மெமரியின் பக்கம், காலண்டர் பக்கம் அல்ல). ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், 23 பைட்டுக்குள் இருந்தால் அந்த 40 பைட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் வெளியே தனியாக இடம் வாங்கவேண்டும். இடம் போதவில்லையென்றால் ரூபி புதுப் பக்கங்களைக் கேட்டு வாங்கும், திருப்பிக் கொடுப்பதில்தான் கஞ்சத்தனம். ஒரு பக்கத்தில் 400 இடமும் காலியாகி ஒரே ஒரு ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதும் ரூபியிடமே இருக்கும். ஆகவே ஒரே ஒரு கொழுத்த ரெக்வெஸ்ட் (பக்கம் கேட்டு வரும் கோரிக்கை) வந்துபோனாலும் அதன் தடம் நாள் முழுக்க வொர்க்கரில் இருக்கும்.

என்னைச் சரியான இடத்தில் பார்க்கவைத்தது என் பக்கத்து மேசைத் தங்கை. மொரீஷியஸ் தமிழ்ப் பெண். வீட்டில் கிரியோல், பள்ளியில் தமிழ் படித்ததால் என்னோடு மட்டும் பிடிவாதமாகத் தமிழில் பேசுவாள். சர்வரின் பதிவுக் கோப்பான லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவள் "ஆயோ!" என்றாள். (கிரியோலிலும் அது நம் ஐயோதான்.) "அண்ணா, இந்த நம்பர் என்ன?"

ரெயில்ஸ் 6.0 வந்தது 2019இல். அதிலிருந்து சில பதிப்புகள் வரை ஒவ்வொரு ரெக்வெஸ்டின் லாக்கிலும் கடைசி வரியில், எவ்வளவு மில்லி விநாடி ஆனது என்பதோடு, 'அலோகேஷன்ஸ்' என்று ஓர் எண்ணும் வந்தது. அந்த ரெக்வெஸ்டில் எத்தனை ஆப்ஜெக்ட் உருவாயின என்ற கணக்கு. என் கண்முன்னே தினமும் ஓடிய எண் அது, ஒருநாளும் படித்ததில்லை. மற்ற பக்கங்களில் இருபதாயிரம், முப்பதாயிரம். காலண்டரில் எட்டு லட்சத்துக்கு மேல். கட்டங்கள் 60 பெருக்கல் 90, ஆக 5,400. வகுத்துப் பார்த்தால் கட்டத்துக்கு 150 ஆப்ஜெக்ட். ஒரு கட்டத்தில் தெரிவது ஒரு விலையும் ஒரு நிறமும்தான். அதற்கு 150!

எட்டு லட்சத்தை 40ஆல் பெருக்கினால் 32 எம்பி. நீண்ட ஸ்ட்ரிங்குகளுக்கு வெளியே வாங்கிய இடம் தனி. எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருப்பதில்லை என்பது சரிதான், ஆனால் ஒரு வொர்க்கரில் ஒரே சமயத்தில் வேலை செய்யும் ஐந்து த்ரெட், ஐந்து ரிசப்ஷனிலும் ஒரே நேரத்தில் செக்-அவுட் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி அளப்பது. இதில் நான் இரண்டு தடவை சறுக்கினேன். 'மெமரி ப்ரொஃபைலர்' என்று ஒரு ஜெம் (ரூபி நூலகம்) உண்டு. டிஸ்கோர்ஸ் என்ற விவாத மன்ற மென்பொருளைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாம் சாஃப்ரன் எழுதியது. கோட் ஒன்றை அதற்குள் வைத்து ஓட்டினால், எந்த ஜெம், எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த வகை ஆப்ஜெக்ட் என்று பிரித்துப் பட்டியல் தரும். முதல் முறை அதை என் லேப்டாப்பில் டெவலப்மென்ட் மோடில் (நிரல் எழுதும்போது ஓட்டிப் பார்க்கும் நிலையில்) ஓட்டினேன். பட்டியலின் தலையில் வந்ததெல்லாம் கோட் கோப்புகளை மறுபடி ஏற்றும் வேலையும் டெம்ப்ளேட்டைத் தொகுக்கும் வேலையும்தான். இரண்டு நாள் அந்தப் பொய்ப் பட்டியலைத் துரத்தினேன். வாடிக்கையாளர்களுக்கு ஓடும் புரொடக்ஷன் மோடில், உண்மையான அளவுக்கு டேட்டா வைத்து ஓட்டவேண்டும். இரண்டாவது சறுக்கல், முதல் ரெக்வெஸ்டையே அளந்தது. முதல் தடவையில் எல்லாமே சூடேறும் வேலை. இரண்டு மூன்று முறை பக்கத்தைத் திறந்துவிட்டு அப்புறம் அளந்தால்தான் எண் நிலையாக நிற்கும்.

சரியாக அளந்தபோது பட்டியல் சின்னதாக இருந்தது. ஏழெட்டு வரிகள்தான் முக்கால்வாசியைத் தின்றிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் தைப்பூசக் காவடி வந்தது. இந்த நாட்டில் அது அரசு விடுமுறை. கத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் காவடி ஏறுவதைப் பார்க்கவே கூட்டம் சேரும். வேண்டுதல் முடிந்தபின் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு. எங்கள் பக்கத்துக் கோவிலில் எனக்கு இலை எடுக்கும் வேலை கொடுத்தார்கள். பந்திக்குப் பந்தி எடுத்து முதுகு வலித்தபோது ஒன்று தோன்றியது. இங்கே ஒரு ஆளுக்கு ஒரு இலை, ஏழு கறியும் அதிலேயே. என் கோடில் ஒவ்வொரு கறிக்கும் தனி இலை. விலைக்கு ஓர் இலை, தேதிக்கு ஓர் இலை, உப்புக்கு ஓர் இலை. இலை எடுப்பவன் வந்தால் பந்தி நிற்கும், ரூபியிலும் குப்பை அள்ளும்போது மற்ற த்ரெட்கள் நின்று காத்திருக்கவேண்டும். நாங்கள் அந்தக் குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், அது என்ன செய்யும்?

சரி, அந்த வரிகளுக்கு வருகிறேன்.

பெரிய திருடன், முன்பதிவுகளைத் தேடும் வரி. 60 அறைகளின் 90 நாள் முன்பதிவுகளையும் ஒரே கேள்வியில் டேட்டாபேஸிலிருந்து எடுத்திருந்தேன், அதில் எனக்குப் பெருமைகூட. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மொத்தப் பட்டியலையும் 'செலெக்ட்' போட்டு வடிகட்டினேன். 5,400 முறை வடிகட்டல், 5,400 புது அரே (வரிசைப் பட்டியல்). கேள்வி ஒன்றுதான் என்பதால் டேட்டாபேஸ் பக்கம் எந்தப் புகாரும் இல்லை, ஆகவே யார் கண்ணிலும் படவில்லை. முதலிலேயே ஒருமுறை சுற்றி, அறை எண் வாரியாக ஒரு ஹாஷ் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அகராதி), அதற்குள் தேதி வாரியாக இன்னொரு ஹாஷ் என்று அடுக்கிவைத்தேன். இதிலும் ஒரு நுணுக்கம். முதலில் அறையையும் தேதியையும் சேர்த்து ஒரு அரேயாக்கி அதையே சாவியாக வைத்திருந்தேன். பார்க்க அழகு. ஆனால் தேடும் ஒவ்வொரு முறையும் சாவிக்காக ஒரு புது அரே உருவாகிறது! ஹாஷுக்குள் ஹாஷ் என்றால் அந்தச் செலவு இல்லை.

அடுத்தது தேதி. முன்பதிவு நேரத்தை ஸ்ட்ரிங்காக வாங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நேர மண்டலத்தோடு பார்ஸ் செய்துகொண்டிருந்தேன், அதாவது பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். மொரீஷியஸ் ஆண்டு முழுக்க யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி முன்னால். 2008-09 கோடையில் கடிகாரத்தை மாற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அறை இரவுக்கு நேர மண்டலமே தேவையில்லை, வெறும் தேதி போதும். டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையை 'டேட்' வகைக்கு மாற்றியதும் கட்டத்துக்கு இருபது முப்பது ஆப்ஜெக்ட் ஒரே அடியில் மறைந்தன.

அப்புறம் விலை. ரெயில்ஸில் எண்ணைப் பணமாக எழுதித்தரும் ஹெல்பர் ஒன்று இருக்கிறது. மொழிக்கோப்பைப் புரட்டி, புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே, குறி முன்னாலா பின்னாலா என்று பார்த்து, இடையில் பல ஸ்ட்ரிங்கும் ஹாஷும் செய்து, கடைசியில் ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுக்கும். பத்து இடத்தில் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. நான் 5,400 இடத்தில் கூப்பிட்டேன். உண்மையில் ஒரு ஓட்டலில் வெவ்வேறு விலை என்று எண்ணினால் நாற்பதுகூடத் தேறாது. ஆகவே அந்த ரெக்வெஸ்டுக்குள் மட்டும் வாழும் ஒரு ஹாஷ், விலைதான் சாவி, எழுதிய ஸ்ட்ரிங் மதிப்பு. நாற்பது முறைதான் ஹெல்பர் ஓடும். ரூபாய் நோட்டு என்றதும் சொல்லத் தோன்றுகிறது: இங்கே நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். எழுந்த எதிர்ப்பில் அவற்றைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி மறுபடி அச்சடித்தார்கள். எழுத்து வரிசையை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் ஊரில் காற்புள்ளியைத் தவறாகப் போட்டால் விடமாட்டார்கள், ஆகவே ஹெல்பரைத் தூக்கிவிட்டு நானே எழுதலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன்.

லிங்க்கும் இதே கதைதான். ஒவ்வொரு கட்டமும் முன்பதிவுப் பக்கத்துக்கு ஒரு லிங்க். பாதையை உருவாக்கும் ஹெல்பரும் மலிவான ஆள் இல்லை. வரிசைக்கு ஒரு பாதை மட்டும் எழுதி, தேதியைப் பிரவுசரில் ஒட்டவைத்தேன். 5,400 என்பது 60 ஆனது. கட்டத்துக்கு ஒரு பார்ஷியல் (துண்டு டெம்ப்ளேட்) கோப்பு வைத்திருந்ததையும் எடுத்துவிட்டு வரிசைக்கு ஒன்றாக ஆக்கினேன்.

விலைப் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து முழு மாடல் ஆப்ஜெக்டுகளாக எடுத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ரெயில்ஸ் ஒரு பரிவாரத்தையே கூட்டிவருகிறது. அத்தோடு 'குறிப்பு' என்று நீளமான ஒரு நெடுவரிசை தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியது அறை, தேதி, விலை மூன்றுதான். 'பிளக்' போட்டு அந்த மூன்றை மட்டும் எடுத்தேன். ஆனால் மாடலின் மெதட் எதையாவது பின்னால் கூப்பிடும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். கோட் சிக்கலாகும், லாபம் போய்விடும்.

டீபக் லாக் (பிழை தேடும்போது மட்டும் வேண்டிய பதிவு) வரியில் நான் சிரித்தே விட்டேன். புரொடக்ஷனில் லாக் நிலை 'இன்ஃபோ'. டீபக் வரி எழுதப்படாது. ஆனால் எழுதவேண்டிய ஸ்ட்ரிங் மட்டும் தவறாமல் உருவாகி, யாரும் பார்க்காமல் குப்பைக்குப் போகும். பிளாக்காக எழுதினால் தேவைப்பட்டால்தான் உருவாகும். இரண்டு அடைப்புக்குறி மாற்றம்.

எல்லாம் சேர்ந்து, எட்டு லட்சமாக இருந்த எண் அறுபதாயிரத்துக்கு அருகில் இறங்கியது. பக்கம் திறக்க இரண்டரை விநாடி ஆனது அரை விநாடியானது. வேகத்துக்காக நான் எதுவும் செய்யவில்லை, அது கூடவே வந்தது.

இனி நான் கெடுத்ததையும் சொல்லவேண்டும்.

வெற்றி மயக்கத்தில் அந்த விலை ஹாஷை ரெக்வெஸ்டுக்கு வெளியே, கிளாஸ் மட்டத்துக்கு நகர்த்தினேன். ஒருமுறை எழுதியது எல்லாருக்கும் பயன்படட்டுமே என்று. அதே உத்தியை இன்வாய்ஸ் தலைப்புக்கும் போட்டேன். அதன் சாவியில் தேதியும் விருந்தினர் பெயரும் இருந்தன. ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு புதுச் சாவி, எதுவும் எப்போதும் நீங்காது. அலோகேஷன் எண் இன்னும் இறங்கியது, நான் மகிழ்ந்தேன். பத்து நாளில் வரைபடம் படிக்கட்டாக ஏறியது. டிசம்பரில் இல்லாத கசிவை இப்போது என் கையாலேயே செய்து கொடுத்திருந்தேன். மெமரி ப்ரொஃபைலர் 'உருவானவை', 'தங்கியவை' என்று இரண்டு பட்டியல் தரும். நான் முதலாவதை மட்டுமே பார்த்தேன். இரண்டாவதில் என் ஹாஷ் பளிச்சென்று இருந்தது.

இன்னொரு விபத்து, ஸ்ட்ரிங்கை உறையவைத்தது. ரூபி 2.3 முதல், கோப்பின் தலையில் ஒரு மந்திர வரி எழுதினால் அந்தக் கோப்பில் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்குகள் ஒருமுறைதான் உருவாகும், அவற்றை மாற்றவும் முடியாது. நல்ல விஷயம். நான் ஒரே இரவில் எல்லாக் கோப்புகளிலும் அதைப் போட்டேன். வெற்று ஸ்ட்ரிங்கில் தொடங்கி அதோடு துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டே போகும் ஒரு பழைய கோட் இன்வாய்ஸ் மெயிலில் இருந்தது. அதற்கு டெஸ்ட் இல்லை. காலையில் எந்த விருந்தினருக்கும் இன்வாய்ஸ் போகவில்லை. ஸ்ட்ரிங்குக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் உறையாத நகல் கிடைக்கும், திருத்தம் அவ்வளவுதான். ஆனால் கோப்பு கோப்பாகச் செய்திருந்தால் அந்தக் காலைப் பொழுது நன்றாக இருந்திருக்கும். லாபமும் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. எங்கள் ஸ்ட்ரிங்குகளில் பெரும்பாலானவை ஓடும்போது கோக்கப்படுபவை, அவற்றுக்கு இந்த வரி உதவாது.

சூழல் மாறிகளையும் (கோடுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்புகளை) தொட்டுப் பார்த்தேன். ரூபியின் ஹீப், அதாவது அந்த மெமரிப் பக்கங்களின் தொகுதி, வளரும் மடங்கு இயல்பாக 1.8. அதைக் குறைத்ததில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் லினக்ஸின் மெமரி பங்கிடும் பகுதி, 64 பிட்டில் கோர் ஒன்றுக்கு எட்டு வரை தனித்தனி 'அரீனா' திறந்துகொள்ளும். த்ரெட் அதிகமுள்ள பூமாவுக்கு இது பெரிய சிதறல். அதை இரண்டாகக் கட்டுப்படுத்தியதில் நல்ல இறக்கம் கிடைத்தது. அந்தப் பகுதிக்குப் பதிலாக ஜேமல்லாக் என்ற வேறொன்றைப் போடுவது இன்னொரு வழி. ஒன்றைத்தான் முதலில் செய்யமுடியும் என்றால் அரீனாவைக் கட்டுப்படுத்தும் ஒற்றை வரி மாற்றத்தைச் செய்துவிட்டு, அது தந்த அவகாசத்தில் கோட் பக்கம் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைத் தங்கைதான் சொல்லிக்கொடுத்தாள். அறுபதாயிரத்தை நாற்பதாயிரமாக்க, 'மேப்' எல்லாவற்றையும் தூக்கி 'வைல்' சுழற்சியாக மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். "அண்ணா, நீங்கள் ஊருக்குப் போனபிறகு இதை யார் படிப்பது? நான்தானே?" அவள் சொன்னது நியாயம். அந்த இருபதாயிரத்தில் பாதி ரெயில்ஸின் சொந்தச் செலவு. அதைக் கைவைத்துக் குறைப்பதைவிட பதிப்பை உயர்த்துவது மேல். பிறகு ரூபி 3.2க்குப் போனபோது அதையும் பார்த்தோம். அதில் ஆப்ஜெக்டின் இடம் 40 பைட்டோடு நிற்பதில்லை, பெரிய அளவுகளும் உண்டு. ஆகவே நடுத்தர நீள ஸ்ட்ரிங்குகள் வெளியே இடம் தேடி அலைவது குறைந்தது. நாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

அதே மென்பொருள் தரும் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) அறிக்கையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஓராண்டுப் பதிவுகளை மொத்தமாக ஏற்றாமல் ஆயிரம் ஆயிரமாக எடுக்கும் 'ஃபைண்ட் ஈச்', எழுத எழுத அனுப்பிவிடுவது. பிடிஎஃப் அறிக்கையை அப்படியே விட்டுவிட்டோம். அந்த நூலகத்தின் உள்ளே நுழைந்து பார்த்த ஒரு மதியம் போதும். அதை இரவில், தனி வொர்க்கரில், யாரும் காத்திருக்காத நேரத்தில் ஓட்டுகிறோம்.

கடைசியாகத் தங்கை ஒரு டெஸ்ட் எழுதினாள். காலண்டர் பக்கத்தைச் சூடேற்றி, ரூபியின் கார்பேஜ் கலெக்டர் புள்ளிவிவரத்தில் மொத்தம் உருவான ஆப்ஜெக்ட் எண்ணிக்கையை முன்னும் பின்னும் வாசித்து, வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் தோற்கும். எல்லையை அறுபதாயிரத்தில் வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டாள், பதிப்பு மாறும்போதெல்லாம் பொய்யாக அலறும் என்று.

அந்த டெஸ்ட் போன வாரம்தான் முதன்முதலாகத் தோற்றது. 3,10,000. தேடினால், கட்டத்தின் மேல் மவுஸ் வைத்தால் விருந்தினர் பெயர் தெரியவேண்டும் என்று கேட்டதற்காக, கட்டத்துக்குக் கட்டம் ஒரு ஹெல்பர். கமிட் என்னுடையது.